கேட்டதும் சொன்னதும்: புதிய பதிப்பில் எது ஓடாது?

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பல ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. சர்வர் மென்பொருளின் புதிய பதிப்பு வரும்போது, பழைய இணைப்புகளில் எது ஓடாமல் போகும் என்பதை எப்படி எழுதிச் சொல்வது? சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்ட அலுவலகங்கள் சிலவற்றின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவள் நான். எனக்கு இதைவிட முக்கியமான கேள்வி இப்போதைக்கு வேறில்லை. மற்ற கேள்விகளுக்கு அடுத்த இதழில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, எடை மேடைக்கான சர்வர் மென்பொருள் எழுதும் சிறிய நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். மூன்றாம் பதிப்பு வெளியிடப் போகிறோம். ஏபிஐயில் (மற்ற புரோகிராம்கள் எங்கள் சர்வரிடம் தகவல் கேட்கும் வழி) நிறைய மாற்றம். வாடிக்கையாளர்களுக்குக் குறிப்பு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. “நிரலில் செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் கிட் மென்பொருளில் பதிந்திருக்கும் கமிட் செய்திகளை வரிசையாக எடுத்துப் போட்டால் போதும்” என்கிறார் மேலாளர். போதுமா?
– வாசகி, கோலகங்சார்

பதில்: போதாது, தங்கச்சி. நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைத்தான் கமிட் செய்தி சொல்லும். படிக்கிறவருக்கு வேண்டியது தன் பக்கத்தில் எது நின்றுபோகும் என்பது.

படிக்கிறவர் யார் என்று முதலில் நினைத்துப் பாருங்கள். ஆலை ஓடாத ஞாயிற்றுக்கிழமை மதியம், தோட்ட ஆபீசில் தனியாக உட்கார்ந்து அப்கிரேட் செய்கிற கிராணி (எழுத்தர்) அவர். திங்கள் காலை பழ லோரிகள் வரிசை பிடித்துவிடும். வெட்டிய செம்பனைப் பழம் கிடக்கக் கிடக்கக் கொழுப்பு அமிலம் ஏறும், எண்ணெயின் தரம் இறங்கும். அதனால்தான் வெட்டி 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கப் பார்க்கிறார்கள். எடைச் சீட்டு வராமல் லோரி நகராது. அந்த நெருக்கடியை மனதில் வைத்துக்கொண்டுதான் அவர் உங்கள் குறிப்பைத் திறப்பார். “எடைச் சீட்டு எண்ட்பாயிண்ட் சீரமைக்கப்பட்டது” என்ற வரியை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

ஒரு மாற்றத்தை நானே எழுதிக் காட்டுகிறேன். நிகர எடையைக் கிலோவில் கொடுத்துக்கொண்டிருந்த சர்வர் இனி டன்னில் கொடுக்கப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

*யாருக்கு: எடைச் சீட்டை எங்கள் சர்வரிலிருந்து எடுத்துச் சம்பளக் கணக்குக்கோ சிறுதோட்டக்காரர் பட்டுவாடாவுக்கோ அனுப்பும் அனைவருக்கும். திரையில் பார்த்து அச்சடிப்பவர்களுக்கு எதுவும் மாறாது.*

*முன்பு: ‘நெட்_வெயிட்’ கிலோவில் வரும். உதாரணம் 2340.*

*இனி: ‘நெட்_வெயிட்_டன்’ என்ற புதிய பெயரில் டன்னாக வரும். உதாரணம் 2.34. பழைய பெயர் நீக்கப்பட்டது.*

*மாற்றாவிட்டால்: உங்கள் புரோகிராம் ‘நெட்_வெயிட்’ கிடைக்கவில்லை என்று நின்றுவிடும். சீட்டு கணக்கில் ஏறாது.*

*செய்ய வேண்டியது: பெயரை மாற்றுங்கள். 1000 ஆல் வகுக்கும் வரி இருந்தால் எடுத்துவிடுங்கள்.*

*சரிபார்க்க: நேற்றைய சீட்டு ஒன்றைப் பழைய சர்வரிலும் புதிய சர்வரிலும் எடுத்து, கடைசித் தொகை ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.*

இதில் பெயரையும் சேர்த்து ஏன் மாற்றினேன் என்று கேட்பீர்கள். பெயர் அப்படியே இருந்து அளவு மட்டும் டன்னுக்குப் போயிருந்தால் எந்தப் பிழைச் செய்தியும் வந்திருக்காது. பழைய புரோகிராம் 2.34ஐ வாங்கி, வழக்கம்போல 1000 ஆல் வகுத்து, விலையால் பெருக்கியிருக்கும். டன்னுக்கு 800 ரிங்கிட் என்று கணக்குப் போட்டால் 1872 ரிங்கிட் கிடைக்க வேண்டிய சிறுதோட்டக்காரருக்கு 1 ரிங்கிட் 87 சென் என்று சீட்டு வரும். இவ்வளவு பெரிய வித்தியாசம் யார் கண்ணிலாவது பட்டுவிடும். மாற்றம் 2 சதவீதமாக இருந்தால்? கழிவு கழிக்கும் முறை மாறி, ஒவ்வொரு லோரிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தால்? மாதக் கடைசிவரை யாருக்கும் தெரியாது. தெரிகிறபோது பணம் கைமாறியிருக்கும்.

அதனால் என் வேண்டுகோள் இது. பிழைச் செய்தி வராமல் விடையை மட்டும் மாற்றிவிடுகிற மாற்றங்களைக் குறிப்பின் தலைப்பகுதியில் தனியாகப் போடுங்கள். சர்வர் கிளம்பவே மறுக்கிற மாற்றம் தன்னைத் தானே காட்டிக்கொள்ளும், அது இரண்டாவதாக வரட்டும். புதிதாகச் சேர்த்த வசதிகள் எவ்வளவு அழகாக இருந்தாலும் எல்லாவற்றுக்கும் கடைசியில்தான். பல நிறுவனங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. புது வண்ணத் திரை முதல் பக்கத்தில் இருக்கும், சம்பளக் கணக்கைக் குழப்பும் மாற்றம் ஏழாம் பக்கத்தில் இருக்கும்.

பார்த்துப் பழக நல்ல உதாரணங்கள் உண்டு. போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தின் பெரிய பதிப்பு ஒவ்வொன்றின் ரிலீஸ் நோட்ஸிலும், முன்னோட்டம் முடிந்த உடனே ‘இந்தப் பதிப்புக்கு மாறுதல்’ என்ற பகுதி வந்துவிடும். பழையதோடு ஒத்துப்போகாதவை எல்லாம் அங்கே இருக்கும், புதிய வசதிகள் அதற்குப் பிறகுதான். 2022இல் வந்த 15ஆம் பதிப்பில் ‘பப்ளிக்’ ஸ்கீமாவில் (டேபிள்களை வைக்கும் பொதுப் பகுதி) யார் வேண்டுமானாலும் டேபிள் உருவாக்கலாம் என்ற அனுமதியை எடுத்துவிட்டார்கள். குறிப்பில் அதைச் சொன்னதோடு விடவில்லை. இது புதிதாக உருவாக்கும் தரவுத்தளங்களுக்குத்தான், அப்கிரேட் செய்து கொண்டுவரும் பழைய தரவுத்தளத்தில் முன்பிருந்த அனுமதிகள் அப்படியே இருக்கும் என்றும் எழுதினார்கள். யாருக்குப் பாதிப்பு இல்லை என்று சொல்வதும் குறிப்பின் வேலைதான். அந்த ஒரு வரி எத்தனையோ பேரின் ஞாயிற்றுக்கிழமையைக் காப்பாற்றும்.

அப்பாச்சி வெப் சர்வர் 2012இல் 2.4க்கு மாறியபோது, யாரை உள்ளே விடலாம் என்று சொல்லும் பழைய ‘ஆர்டர், அலவ், டினை’ வரிகளுக்குப் பதிலாக ‘ரிக்கொயர்’ வந்தது. அவர்களுடைய அப்கிரேட் பக்கம் 2.2இல் எப்படி எழுதியிருப்பீர்கள், 2.4இல் எப்படி எழுத வேண்டும் என்று இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டுகிறது. அதே பக்கத்தின் கடைசியில், அப்கிரேட் செய்யும்போது திரையில் வரக்கூடிய பிழைச் செய்திகளை எழுத்து மாறாமல் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் எந்த மாட்யூலைச் சேர்க்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். தவித்துக்கொண்டிருப்பவர் திரையில் பார்ப்பதைத்தான் தேடுவார். உங்கள் குறிப்பில் அதே வாசகம் இருந்தால் நேராக வந்து சேர்ந்துவிடுவார்.

காரணத்தையும் ஒரு வரி எழுதுங்கள். போஸ்ட்கிரெஸ்கியூஎல் 2017இல் ‘பிஜி_எக்ஸ்லாக்’ என்ற கோப்புறையை ‘பிஜி_வால்’ என்று பெயர் மாற்றியது. பெயரில் ‘லாக்’ இருப்பதைப் பார்த்து, டிஸ்க் நிரம்பும்போது வெறும் லாக் கோப்புதானே என்று அழித்துவிட்டு, தரவையே இழந்தவர்கள் இருந்ததுதான் காரணம். அதைத் தெரிந்துகொண்டவர் தன் பேக்கப் ஸ்கிரிப்டைத் திருத்த முகம் சுளிக்க மாட்டார்.

மேலாளரிடம் ஒன்று சொல்லுங்கள். இந்தக் குறிப்பை மென்பொருள் முடிந்த பிறகு எழுத உட்கார்ந்தால் பாதி மறந்திருக்கும். பழையதை ஓடாமல் செய்கிற கமிட் எதுவாக இருந்தாலும், அதை எழுதியவர் அன்றைக்கே மேலே காட்டிய வடிவில் குறிப்பையும் எழுதிச் சேர்க்க வேண்டும் என்று விதி வையுங்கள். அப்படிச் செய்யும்போது இன்னொரு நன்மையும் உண்டு. ‘மாற்றாவிட்டால் என்ன ஆகும்’ என்ற வரியை எழுத முயலும்போதே, சில மாற்றங்கள் தேவையே இல்லை என்று எழுதுகிறவருக்கே தெரிந்துவிடும்.

கேள்வி: எங்கள் ஏபிஐ ஆவணத்தில் சீட்டுகள் எந்த வரிசையில் வரும் என்று எங்கும் சொல்லவில்லை. புதிய பதிப்பில் வரிசை மாறியது. ஒரு வாடிக்கையாளர் சண்டைக்கே வந்துவிட்டார். சொல்லாததை நம்பியது அவர் குற்றம்தானே, அக்கா? இதையெல்லாமா குறிப்பில் எழுதுவது?
– வாசகர், தாப்பா

பதில்: எழுத வேண்டும், தம்பி. அவர் உங்கள் ஆவணத்தைப் பார்த்துப் புரோகிராம் எழுதவில்லை. உங்கள் சர்வர் நாள்தோறும் என்ன கொடுத்ததோ அதைப் பார்த்து எழுதினார். கடைசியாக எடை போட்ட லோரி முதலில் வரும் என்று வருஷக்கணக்காகப் பார்த்தவர், முதல் வரியை மட்டும் எடுத்துச் சீட்டு அடித்திருப்பார். வரிசை மாறியதும் வேறொருவருடைய லோரியின் எடை அந்தச் சீட்டில் ஏறும். யார் குற்றம் என்று பேசி முடிப்பதற்குள் லோரி போய்விடும்.

கூகளில் பொறியாளராக இருந்த ஹைரம் ரைட்டின் பெயரால் ஒரு விதியைச் சொல்வார்கள்: பயன்படுத்துகிறவர்கள் போதிய அளவு பெருகிவிட்டால், நீங்கள் வாக்குக் கொடுத்திருந்தாலும் கொடுக்காவிட்டாலும், உங்கள் சர்வரின் வெளியே தெரிகிற நடத்தை ஒவ்வொன்றையும் யாராவது ஒருவர் நம்பியிருப்பார். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் இது நடந்தது. 5.7 வரை, வரிகளைக் குழுவாகச் சேர்க்கும் ‘குரூப் பை’ கட்டளை போட்டுக் கேட்டால் விடை தானாகவே வரிசைப்பட்டு வரும். அதை நம்பாதீர்கள் என்று கையேட்டில் முன்பே சொல்லியிருந்தார்கள். 2018இல் வந்த 8.0 அந்த வரிசைப்படுத்தலை எடுத்துவிட்டது. முன்பே எச்சரித்தாகிவிட்டது என்று அவர்கள் சும்மா இருக்கவில்லை. வரிசை வேண்டும் என்றால் ‘ஆர்டர் பை’ சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அப்கிரேட் குறிப்பிலும் எழுதினார்கள்.

எல்லாவற்றையும் எழுத முடியாதுதான். விடை கொஞ்சம் வேகமாக வருகிறது என்பதை விட்டுவிடலாம். வரிசை, அளவு, தேதியின் வடிவம், காலியான இடத்தில் என்ன வரும், பிழைச் செய்தியின் வாசகம் ஆகியவற்றை விடாதீர்கள். பிழைச் செய்தியின் வாசகத்தைப் படித்து முடிவெடுக்கிற ஸ்கிரிப்டுகள் நம் தோட்ட ஆபீஸ்களில் நிறைய ஓடுகின்றன.

கேள்வி: ஒரு தோட்ட அலுவலகத்தில் கிராணியாக இருக்கிறேன். சம்பள சர்வர் 2.1இல் இருக்கிறது. இடையில் வந்த பதிப்புகளை எல்லாம் விட்டுவிட்டோம். இப்போது 3.0 வந்துவிட்டது. நேரே போகலாமா? எந்தக் குறிப்பைப் படிப்பது? எண்ணைப் பார்த்தே கண்டுபிடிக்க முடியாதா?
– வாசகர், பீடோர்

பதில்: ஐயா, நேரே போகலாமா என்பதைக் குறிப்பு எழுதியவர்தான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை என்றால் கேட்டுவிட்டே தொடுங்கள். எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளில் 7இன் பழைய பதிப்பு ஒன்றிலிருந்து 8க்குப் போக வேண்டும் என்றால் முதலில் 7.17க்கு வர வேண்டும். நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேபில் கட்டாயம் நின்று போக வேண்டிய பதிப்புகளின் பட்டியலே உண்டு. தாண்டிக் குதித்தால், இடையில் நடந்திருக்க வேண்டிய தரவு மாற்றங்கள் நடக்காமல் போய்விடும்.

உங்கள் விஷயத்தில் 2.2 முதல் 3.0 வரை ஒவ்வொரு குறிப்பிலும் ஒத்துப்போகாத மாற்றங்கள் என்ற பகுதியை மட்டுமாவது படியுங்கள். 3.0இன் குறிப்பு அதற்கு நேர் முந்தைய பதிப்பிலிருந்து வருகிறவரை மனதில் வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கும். 2.2இல் நீக்கியதை அதில் மறுபடி சொல்லியிருக்க மாட்டார்கள். மென்பொருள் எழுதுகிறவர்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், பழைய பதிப்பு ஒவ்வொன்றிலிருந்தும் வருகிறவர்களுக்கு எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் சேர்த்துக் கொடுங்கள். சம்பள சர்வரைத் தோட்டங்களில் யாரும் மாதாமாதம் மாற்றுவதில்லை.

எண் ஓரளவுக்குத்தான் உதவும். முதல் எண் ஏறினால் பழையது ஓடாமல் போகும் மாற்றம் இருக்கிறது என்பது செமாண்டிக் வெர்ஷனிங் என்ற வழக்கம். எல்லாரும் அதைப் பின்பற்றுவதில்லை. போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் 9.5இலிருந்து 9.6க்குப் போவதே பெரிய பதிப்பு மாற்றமாக இருந்தது. 2017இல் 10 வந்த பிறகுதான் முதல் எண் மட்டும் பெரிய பதிப்பைக் காட்டுகிறது. எண் சரியாகவே இருந்தாலும், ஏதோ ஒன்று ஓடாது என்று சொல்லுமே தவிர, எது என்று சொல்லாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஐயா. முன்னே போவதைப் போலவே திரும்பி வருவதற்கும் வழி இருக்கிறதா என்று குறிப்பில் தேடுங்கள். மைஎஸ்கியூஎல் 8.0க்குப் போன தரவுத்தளத்தை அப்படியே 5.7க்கு இறக்க முடியாது. முன்பே எடுத்து வைத்த பேக்கப்தான் வழி. அதே 8.0இல் கடவுச்சொல் சரிபார்க்கும் இயல்பு முறையும் மாறியது. அதைத் தெரியாத பழைய கிளையண்ட் புரோகிராம்கள் புதிதாக உருவாக்கிய பயனர் பெயரில் இணையவே முடியாமல் நின்றன. இப்படி ஒன்று நடந்து, திரும்பவும் முடியாது என்றால், சம்பள நாள் தள்ளிப்போகும். அதனால் திரும்ப முடியாத அப்கிரேடைச் சம்பள வாரத்தில் வைக்காதீர்கள். பழம் அதிகமாக விழுகிற செப்டம்பர், அக்டோபரிலும் வேண்டாம். பேக்கப்பை வேறொரு கணினியில் ஏற்றி, போன மாதச் சம்பளத்தைப் புதிய பதிப்பில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். இரண்டு பட்டியலும் சென் பிசகாமல் ஒத்துப்போன பிறகு உண்மையான சர்வரைத் தொடுங்கள்.

கேள்வி: குறிப்பை எந்த மொழியில் எழுதுவது?
– வாசகி, தெலுக் இந்தான்

பதில்: அந்த ஆபீசில் கணினிமுன் உட்காருகிறவர் சரளமாகப் படிக்கிற மொழியில். நம் பக்கத்தில் பெரும்பாலும் மலாய், சில இடங்களில் ஆங்கிலம். தமிழில் விளக்கம் கேட்கிறவர்களுக்கு அதையும் கொடுங்கள். கட்டளை, ஃபீல்டின் பெயர், பிழைச் செய்தி மூன்றையும் திரையில் வருவது போலவே விடுங்கள்.

கேள்வி: எவ்வளவு நன்றாக எழுதினாலும் யாரும் படிப்பதில்லை, அக்கா. அப்கிரேட் செய்துவிட்டு நேராக எனக்குத்தான் போன் செய்கிறார்கள். எதற்கு இவ்வளவு பாடுபட்டு எழுத வேண்டும்?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: அவர்கள் படிக்காததற்குச் சோம்பல் காரணம் என்று நான் நம்பவில்லை, தம்பி. மண்டோர் (மேஸ்திரி) கொடுக்கும் கணக்கு, பெரட்டு (வருகைப் பதிவு), சொக்சோ (சமூகப் பாதுகாப்பு), இபிஎஃப் (சேமநிதி), இப்போது இ-இன்வாய்ஸ் என்று எல்லாம் ஒருவர் தலையில் இருக்கும் ஆபீஸ்கள் இவை. குறிப்பு இருக்கிற இடத்துக்கு அவர்கள் வருவார்கள் என்று காத்திருக்காமல், அவர்கள் இருக்கிற இடத்துக்குக் குறிப்பை அனுப்புங்கள்.

பழைய பதிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே எச்சரிக்கத் தொடங்கலாம். பல சர்வர்களில் மென்பொருளை ஓட்டி நிர்வகிக்கும் குபர்நெட்டீஸ், 2020இல் வந்த 1.19 முதல், நீக்கப்படப்போகிற ஏபிஐயை யாராவது அழைத்தால் விடையோடு ஓர் எச்சரிக்கையையும் சேர்த்து அனுப்புகிறது. கட்டளை கொடுத்தவர் திரையிலேயே அதைப் பார்ப்பார். அடுத்த ஆண்டு வந்த 1.22இல் வெளியிலிருந்து வரும் அழைப்புகளை உள்ளே அனுப்பும் இன்கிரஸின் பழைய பீட்டா ஏபிஐகளை எடுத்தபோது, எதற்குப் பதில் எது, எந்த ஃபீல்ட் எப்படி மாறியது என்று தனி வழிகாட்டியும் இருந்தது. சாதாரண ஏபிஐக்கும் இது முடியும். ஓர் அழைப்பு எந்தத் தேதியோடு நிற்கும் என்று விடையின் தலைப்பில் சொல்ல ‘சன்செட்’ என்ற ஹெடர் 2019லேயே ஆர்எஃப்சி 8594 என்ற இணைய ஆவணமாக வந்துவிட்டது. உங்கள் லாக்கைப் பார்த்தால் இன்னும் யார் பழைய அழைப்பைப் பயன்படுத்துகிறார்கள் என்று தெரியும். அந்த ஆபீஸுக்கு மட்டும் நீங்களே முதலில் போன் செய்துவிடுங்கள்.

அப்கிரேட் நடக்கும் நேரத்திலும் பேச முடியும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் 12 (2019) ‘ரெக்கவரி.கான்ஃப்’ என்ற கோப்பைக் கைவிட்டு, அதில் இருந்தவற்றை முதன்மைக் கான்ஃபிக் கோப்புக்குக் கொண்டுபோனது. பழைய கோப்பு இன்னும் கிடந்தால் சர்வர் கிளம்பவே கிளம்பாது. ஆரம்பத்தில் கடுமையாகத் தோன்றும். ஆனால் பழைய கோப்பைக் கண்டுகொள்ளாமல் சர்வர் ஓடியிருந்தால், முதன்மை சர்வரை நகலெடுக்கும் மாற்று சர்வராக இருக்க வேண்டியது தனியாக எழுதத் தொடங்கி, இரண்டு சர்வரிலும் இரண்டு வேறு கணக்கு இருந்திருக்கும். உங்கள் இன்ஸ்டாலரும் கான்ஃபிக் கோப்பை முதலில் படிக்கட்டும். நீக்கிய சொல் ஏதாவது இருந்தால், எந்த வரியில் இருக்கிறது, அதற்குப் பதில் என்ன எழுத வேண்டும் என்று சொல்லி, எதையும் மாற்றாமல் நிற்கட்டும்.

பழைய அழைப்பை எடுத்த பிறகும் வெறும் 404 (கிடைக்கவில்லை) அனுப்பாதீர்கள். முகவரியைத் தப்பாக அடித்துவிட்டோமோ என்று அவர் தன் பக்கமே தேடிக்கொண்டிருப்பார். 410 (நிரந்தரமாக நீக்கப்பட்டது) அனுப்புங்கள். அதோடு ‘இந்த அழைப்பு 3.0இல் நீக்கப்பட்டது, இனி இதைப் பயன்படுத்துங்கள்’ என்ற வாசகமும் குறிப்பின் முகவரியும் போகட்டும். போன் வந்தால் அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, அவரோடு சேர்ந்து நீங்களும் படியுங்கள். எந்த வரியில் அவர் தடுமாறுகிறாரோ, போனை வைத்ததும் முதல் வேலையாக அந்த வரியைத் திருத்துங்கள்.